டாம்கேட்டின் 200 த்ரெட்: ஏற்றுவதா, இறக்குவதா, எடுத்தே விடுவதா?

அன்று சர்வர் விழவில்லை. விழுந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சிபியு ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை, மெமரியில் பாதி காலி. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள் வேறு. ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டில் எழுதிய வெப் அப்ளிகேஷன், உள்ளே ரிக்வெஸ்ட்டுகளை வாங்கும் வெப் சர்வராக டாம்கேட், பின்னால் டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரெஸ். பல அலுவலகங்களில் ஓடும் அதே அமைப்புதான்.

டாம்கேட்டில் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் வேலையாள்தான் த்ரெட். மானிட்டரில் பார்த்தால் பிஸியான த்ரெட் 200, வரம்பும் 200. “தீர்ந்துபோச்சு, 800 ஆக்கிடலாம்” என்றார் குழுவில் ஒருவர். ஆக்கினோம். ரீஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடம்கூடப் போகவில்லை, பிஸி 800-ஐத் தொட்டுவிட்டது. லாகில் ஹிகாரி பூல் (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்து, கேட்கும் த்ரெட்டுக்குக் கடனாகக் கொடுக்கும் லைப்ரரி), ‘30000 மில்லிசெகண்ட் காத்திருந்தும் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை’ என்று வரிவரியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சரி, டேட்டாபேஸ்தான் படுத்துவிட்டது என்று அந்தப் பக்கம் ஓடினால், அதைப் பார்த்துக்கொள்பவர் சிரிக்கிறார்: “சார், இங்க எல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கு.” உண்மைதான். போஸ்ட்கிரெஸின் செஷன் பட்டியலில் எங்களுடைய பத்து கனெக்‌ஷனும் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று இருந்தன. டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் நிற்கின்றன; அது மூடப்படும்வரை அந்தக் கனெக்‌ஷன் வேறு யாருக்கும் கிடைக்காது.

அப்புறம்தான் ஜெஸ்டாக் என்ற ஜாவா கருவியை ஓட்டி, ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுத்தோம். முதல் ஐந்து நிமிடத்திலேயே எடுத்திருக்க வேண்டியது. 800 த்ரெட்டில் 790 ஒரே வரியில் நின்றன: ஹிகாரியிடம் கனெக்‌ஷன் கேட்கும் வரி. மீதி பத்தும் எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் ஒரு வெளி சர்வரின் பதிலுக்காக சாக்கெட்டைப் பார்த்தபடி நின்றன. எங்கள் கோட் டேட்டாபேஸில் ஒரு வரியை எழுதிவிட்டு, டிரான்சாக்‌ஷனை மூடாமலே எஸ்எம்எஸ் சர்வரைக் கூப்பிட்டது. அந்த அழைப்புக்கு டைம்அவுட், அதாவது ‘இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன்’ என்ற வரம்பு, வைக்கவில்லை. ஹிகாரி பூலின் இயல்பு அளவு 10. அந்தப் பத்தும் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. 200 வைத்தால் 190 பேர் வரிசையில் நிற்பார்கள், 800 வைத்தால் 790 பேர். நாங்கள் செய்த ஒரே மாற்றம் வரிசையை நீட்டியதுதான்.

கல்யாணப் பந்தியில் 200 இலை போட்டுவிட்டு, சாம்பார் வாளி பத்துதான் என்றால் என்ன ஆகும்? சரி, வாளி சுறுசுறுப்பாகச் சுற்றினால் பத்தே போதும். ஆனால் வாளி பிடித்த பத்துப் பேரும் வாசலில் போனில் பேசிக்கொண்டு நின்றால், இன்னும் 600 இலை போட்டு என்ன பயன்? த்ரெட் வரம்பு என்பது இலை எண்ணிக்கை. யார் எங்கே காத்திருப்பது என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. வேலை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது அதன் கையில் இல்லை. இந்த எண்ணைத் தொடுவதற்கு முன் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எப்போது எடுபடும் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஜாவா, டாம்கேட், ஸ்பிரிங் பூட் பக்கத்திலிருந்துதான் பேசுகிறேன். என் பிழைப்பு அதில்தான்.

முதலில் மூன்று எண்கள்

டாம்கேட்டில் எதுவும் தொடாமல் விட்டால் மேக்ஸ்-த்ரெட்ஸ் 200, மேக்ஸ்-கனெக்‌ஷன்ஸ் 8192, அக்செப்ட்-கவுண்ட் 100. நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “200 ரிக்வெஸ்ட் ஓடும், அடுத்த 100 வரிசையில் நிற்கும், 301-ஆவது ஆள் விரட்டப்படுவார்.” கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இன்றைய டாம்கேட் அப்படி நடப்பதில்லை.

ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு த்ரெட் என்று இருந்த பழைய கனெக்டரில் (பயனர்களின் கனெக்‌ஷன்களை வாங்கும் பகுதி) இந்தக் கணக்கு ஏறக்குறைய சரி. அதில் மேக்ஸ்-கனெக்‌ஷன்ஸின் இயல்பு மதிப்பே மேக்ஸ்-த்ரெட்ஸின் அளவுதான். 8.5 பதிப்பில் அந்தக் கனெக்டரையே எடுத்துவிட்டார்கள். இப்போது உள்ள என்ஐஓ கனெக்டர் 8192 கனெக்‌ஷன் வரை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு கனெக்‌ஷனில் டேட்டா வந்தால் அதை ஒரு த்ரெட்டிடம் கொடுக்கும். த்ரெட் 200-உம் பிஸி என்றால் அந்த வேலை உள்ளே ஒரு வரிசையில் போய் உட்காரும். அந்த வரிசைக்கு இயல்பாக நீள வரம்பு கிடையாது. அக்செப்ட்-கவுண்டின் 100 என்பது 8192-உம் நிரம்பிய பிறகு ஆப்பரேட்டிங் சிஸ்டம் பக்கத்தில் நிற்கும் வரிசை. அதாவது 201-ஆவது ஆளை யாரும் விரட்டுவதில்லை. “உள்ளே வாங்க” என்று கூப்பிட்டு, நாற்காலி போடாமல் நிற்க வைக்கிறோம்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. பத்து நொடி பார்த்துவிட்டுப் பயனர் ரிஃப்ரெஷ் அழுத்துவார். பழைய ரிக்வெஸ்ட் வரிசையிலேயே இருக்கும்; அதற்குரிய ஆள் போய்விட்டார் என்பது டாம்கேட்டுக்குத் தெரியாது. முறை வந்ததும் அதை எடுத்து, டேட்டாபேஸைத் தொட்டு, பக்கத்தைத் தயாரித்து, எழுதப் போகும்போதுதான் எதிர்முனையில் யாரும் இல்லை என்று தெரியும். கூட்டம் அதிகமாக உள்ள நேரத்தில் சர்வர் செய்யும் வேலையில் பாதி இப்படி யாருக்குமில்லாத வேலையாகிவிடும்.

கணக்கு போட்டுப் பார்த்தால்

ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த வரிசை விதி ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் சராசரி ஆட்கள் என்பது நொடிக்கு வருகிறவர்களையும் ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தையும் பெருக்கினால் வருவது. எங்கள் சர்வர் ஒன்றுக்கு உச்சத்தில் நொடிக்கு 150 ரிக்வெஸ்ட். சாதாரணமாக ஒன்று முடிய 80 மில்லிசெகண்ட். 150-ஐ 0.08-ஆல் பெருக்கினால் 12. ஆம், பன்னிரண்டே த்ரெட். அலை மாதிரி வரும் கூட்டத்துக்காக மூன்று நான்கு மடங்கு வைத்தாலும் 50-ஐத் தாண்டாது. 200 என்பதே எங்களுக்கு ஆடம்பரம்.

இப்போது அந்த 150-இல் 50 ரிக்வெஸ்ட் வெளி சேவை ஒன்றைக் கூப்பிடுகிறது, அது 3 நொடி எடுக்கிறது என்று வையுங்கள். 50-ஐ 3-ஆல் பெருக்கினால் 150, மீதி நூறுக்கு 8, மொத்தம் 158. தாங்கும். அதுவே 5 நொடியானால் 258. வரம்பு உடைந்தது. உடைந்த பிறகு வெளி சேவையே தேவைப்படாத அந்த நூறு பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். டைம்அவுட் வைக்கவில்லை என்றால் இந்தப் பெருக்கலில் ஒரு பக்கம் எவ்வளவு என்றே சொல்ல முடியாது. ஸ்பிரிங்கின் ரெஸ்ட்-டெம்ப்ளேட்டை வெறுமனே உருவாக்கினால் அதற்கு டைம்அவுட் இல்லை, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஆகவே டைம்அவுட் வைக்காதவர் த்ரெட் வரம்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை. எந்த எண் வைத்தாலும் ஒரு நாள் நிரம்பும்.

ஏற்றுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. எப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் ரிக்வெஸ்ட் பெரும்பாலும் வெளியே யாருக்காகவோ காத்திருக்கிறது, அந்த நேரத்தில் டேட்டாபேஸ் கனெக்‌ஷனைக் கையில் வைத்திருக்கவில்லை, டைம்அவுட் இருக்கிறது, எதிர்ப்பக்கம் அத்தனை அழைப்பைத் தாங்கும் என்றால், 258 தேவைப்படும் இடத்தில் 300 வைப்பது சரியான முடிவு. ஒரு வரி மாற்றம், பத்து நிமிட வேலை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு காரணம் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. “த்ரெட்டுக்கு ஒரு எம்பி ஸ்டாக், 800 த்ரெட் என்றால் 800 எம்பி போச்சு” என்பார்கள். 64 பிட் லினக்ஸில் ஒரு எம்பி என்பது முகவரியை ஒதுக்கி வைப்பது மட்டும்தான். தொட்ட பக்கங்களுக்குத்தான் உண்மையான மெமரி போகும். ஆனால் 800 ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் பாதி வேலையில் நிற்கும்போது, ஒவ்வொன்றும் டேட்டாபேஸிலிருந்து எடுத்து வைத்திருக்கும் பட்டியல்கள் எல்லாம் ஹீப்பில், அதாவது ஜாவாவின் மெமரியில், இருக்கும். அந்த மெமரியைச் சுத்தம் செய்யும் கார்பேஜ் கலெக்டர் திணறுவது அங்கேதான். கன்டெய்னரில் ஓடினால் ப்ராசஸ் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கலாம், அதில் த்ரெட்டும் சேர்த்தி. அதில் முட்டினால் ஜாவா ‘நேட்டிவ் த்ரெட் உருவாக்க முடியவில்லை’ என்று அவுட் ஆஃப் மெமரி எர்ரராகவே சொல்லும். பார்த்தவுடன் ஆளாளுக்கு ஹீப்பைக் கூட்டப் போவார்கள். கூட்டினால் நிலைமை இன்னும் மோசம்தான்.

சிபியு தின்னும் வேலையாக இருந்தால் ஏற்றவே கூடாது.

இறக்குவது

இதைச் சொன்னால் கூட்டத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். “ஏற்கனவே பத்தலை, இன்னும் குறைக்கச் சொல்றீங்களா?” நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான். ஏன் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன்.

நான்கு கோர் உள்ள சர்வர், பிடிஎஃப் ரசீது தயாரிக்கிறது, ஒரு ரசீதுக்கு 0.4 நொடி சிபியு. எத்தனை த்ரெட் வைத்தாலும் நொடிக்குப் பத்து ரசீதுதான் வரும். ஒரே நேரத்தில் 200 பேர் வந்தால் எல்லாம் முடிய 20 நொடி. 200 த்ரெட் வைத்திருந்தால் சிபியுவை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு, ஏறக்குறைய எல்லோருக்கும் 20-ஆவது நொடிக்குப் பக்கத்தில்தான் ரசீது கிடைக்கும். எட்டு த்ரெட் வைத்தால் முதல் எட்டுப் பேருக்கு 0.8 நொடியில், அடுத்த எட்டுக்கு 1.6-இல், இப்படியே போய்க் கடைசி ஆளுக்கு 20. மொத்த நேரம் அதேதான். ஆனால் பாதிப் பேர் பத்து நொடிக்குள் வேலை முடிந்து கிளம்பியிருப்பார்கள். நிஜத்தில் 200 த்ரெட் பக்கம் இன்னும் கொஞ்சம் மோசமாகவே இருக்கும். த்ரெட் மாற்றிமாற்றி ஓட்டுவதற்கே சிபியு கொஞ்சம் போகும்.

டேட்டாபேஸ் வேலைக்கும் இதே நியாயம்தான். ஹிகாரி பூலை எழுதியவர்கள் தங்கள் விக்கியில், போஸ்ட்கிரெஸ் தரப்பிலிருந்து வந்த ஒரு சூத்திரத்தைத் தொடக்கப் புள்ளியாகச் சொல்கிறார்கள்: கோர் எண்ணிக்கை பெருக்கல் இரண்டு, கூட டிஸ்க் எண்ணிக்கை. சிறிய எண்தான் வரும். பூல் 10, எல்லா ரிக்வெஸ்ட்டும் டேட்டாபேஸைத் தொடும் என்றால், 200 த்ரெட் வைத்து 190-ஐ பூல் வாசலில் நிறுத்துவதில் என்ன லாபம்? வேறு மொழிக்காரர்களும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறார்கள். 2024-இல் வந்த, ரூபி மொழியின் ரெயில்ஸ் 7.2, பூமா சர்வரின் இயல்பு த்ரெட் எண்ணிக்கையை 5-இலிருந்து 3 ஆக்கியது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ரூபியின் பூட்டு வேறு கதை, நேரடியாக ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் 200 என்ற எண் ஒன்றும் வேதவாக்கு இல்லை என்று தெரிகிறது அல்லவா? அரை சிபியு ஒதுக்கிய கன்டெய்னரிலும் டாம்கேட் அதே 200-ஐத்தான் வைத்துக்கொள்ளும். அண்டர்டோ என்ற இன்னொரு ஜாவா வெப் சர்வர், கோர் எண்ணிக்கையைப் பார்த்துத் தன் எண்ணை முடிவு செய்கிறது. அந்த விஷயத்தில் அது புத்திசாலி.

ஆனால் வெறுமனே இறக்கினால் போதாது. உள்ளே இருக்கும் வரிசைக்கு நீள வரம்பு இல்லை என்று சொன்னேன் அல்லவா, த்ரெட்டைக் குறைத்தால் அந்த வரிசை இன்னும் வேகமாக வளரும். அதற்கும் ஒரு எல்லை கட்ட வேண்டும். டாம்கேட்டின் எக்ஸிகியூட்டரில் (த்ரெட் பூல்) மேக்ஸ்-கியூ-சைஸ் வைக்கலாம். ஆனால் நிரம்பினால் அது கனெக்‌ஷனை மூடிவிடும், ‘பிறகு வாருங்கள்’ என்ற 503 எல்லாம் போகாது. அதனால் டாம்கேட்டுக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்ட்டை வாங்கி அனுப்பும் ப்ராக்சியில் கட்டுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஹெச்ஏ-ப்ராக்சி இதற்கென்றே பிறந்தது மாதிரி: ஒவ்வொரு சர்வருக்கும் மேக்ஸ்-கான் வைத்தால் மிச்சத்தைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும், டைம்அவுட்-கியூ முடிந்தால் 503 கொடுக்கும். காத்திருக்கும்போது ஆள் போய்விட்டால் அந்த ரிக்வெஸ்ட்டைத் தூக்கிப் போடவும் சொல்லலாம். என்ஜின்எக்ஸில் லிமிட்-ரெக், லிமிட்-கான் உண்டு. வரிசை இல்லாமல் உடனே மறுப்பதற்கு அவை போதும்.

“503 கொடுத்தால் மேனேஜர் திட்டுவாரே?” திட்டுவார். 60 நொடி சக்கரம் சுற்றிவிட்டு ‘பதில் வரவில்லை’ என்ற 504 வந்தாலும் திட்டத்தான் போகிறார். இரண்டுக்கும் ஒரே வித்தியாசம், முதலாவதில் உள்ளே வந்தவர்களுக்காவது வேலை நடந்திருக்கும்.

பிரித்து வைப்பது

எங்கள் கதைக்கு உண்மையான மருந்து இது. எஸ்எம்எஸ் சர்வருக்காக அதிகபட்சம் 20 த்ரெட்தான் காத்திருக்கலாம், 21-ஆவது ஆளுக்கு உடனே ‘இப்போது முடியாது’ என்று சொல்லிவிட வேண்டும். இதற்கு, ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று எண்ணி உள்ளே விடும் ஒரு செமஃபோர் போதும், ஜாவாவோடே வருகிறது. ஒரு காலத்தில் நெட்ஃபிளிக்ஸின் ஹிஸ்ட்ரிக்ஸ் லைப்ரரியைப் போடுவார்கள். 2018-இலேயே அதைப் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டார்கள். இப்போது ரெசிலியன்ஸ்4ஜெ-யின் பல்க்ஹெட் அதே வேலையைச் செய்கிறது. அதன் இயல்பு 25 ஒரேநேர அழைப்பு, காத்திருப்பு பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை மாற்றாதீர்கள்.

செமஃபோருக்குப் பதிலாகத் தனி த்ரெட் பூல் வைப்பவர்கள் ஒரு இடத்தில் அடிக்கடி வழுக்குகிறார்கள். ஜாவாவின் சொந்த த்ரெட் பூல், கோர் அளவு (பூலில் வழக்கமாக வைத்திருக்கும் த்ரெட் எண்ணிக்கை, சிபியு கோர் அல்ல) நிரம்பியதும் முதலில் வரிசையில் போடும். வரிசை நிரம்பினால்தான் கோரைத் தாண்டிப் புது த்ரெட் உருவாக்கும். டாம்கேட்டின் பூல் தலைகீழ்: முதலில் உச்சம் வரை த்ரெட்டை ஏற்றும், அப்புறம்தான் வரிசை. ஸ்பிரிங் பூட் ஏசிங்க் (பின்னணி) வேலைக்குக் கொடுக்கும் பூலில் கோர் 8, வரிசைக்கு வரம்பு இல்லை. அங்கே மேக்ஸ் 500 என்று எழுதி வைத்துவிட்டு, ஏன் எட்டுதான் ஓடுகிறது என்று அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன்.

ஹெல்த் செக்கையும் பிரித்து வையுங்கள். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னட்டீஸ், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனை எதுவும் மாற்றாவிட்டால் பத்து நொடிக்கு ஒரு முறை, ஒரு நொடி டைம்அவுட், மூன்று தடவை தோற்றால் கன்டெய்னரைக் கொன்றுவிடும். ஹெல்த் செக்கும் அதே 200 த்ரெட்டின் வரிசையில் நின்றால், கூட்டம் வந்த அரை நிமிடத்தில் உயிரோடிருக்கும் சர்வரைப் பிணம் என்று முடிவு கட்டிவிடும். அதன் பாரம் மற்ற சர்வர்களின் தலையில் விழும், அப்புறம் அவையும் போகும். மேனேஜ்மென்ட் போர்ட்டைத் தனியாக வைத்தால், ஹெல்த் செக்குக்குப் பதில் சொல்லும் ஆக்சுவேட்டருக்குத் தனிக் கனெக்டர், தனி த்ரெட் கிடைத்துவிடும்.

சர்வரைக் கூட்டுவது

பணம் இருந்தால் சுலபம், சில சமயம் இதுதான் சரி. சிபியு உண்மையிலேயே நிரம்பியிருந்தால் வேறு வழியும் இல்லை. ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள்: பாட் (குபர்னட்டீஸில் ஓடும் ஒரு சர்வர் பிரதி) ஒன்றுக்குப் பூல் 10, பத்து பாட் என்றால் 100 கனெக்‌ஷன். போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சம் 100, அதில் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கியது. ஆட்டோஸ்கேலிங் பத்தாவது பாட்டை எழுப்பும்போது டேட்டாபேஸ் கதவைச் சாத்தும். நடுவில், இருக்கும் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜி-பவுன்சர் வைத்தால் தப்பிக்கலாம். எங்கள் கடைசி நாள் கூத்துக்கு இதைச் செய்திருந்தால், ஒவ்வொரு புது பாட்டும் தன் பங்குக்குப் பத்து கனெக்‌ஷனைக் கொண்டுபோய் எஸ்எம்எஸ் சர்வர் வாசலில் நிறுத்தியிருக்கும்.

வரம்பையே எடுத்துவிடுவது

2023 செப்டம்பரில் ஜாவா 21 வந்தபோது விர்ச்சுவல் த்ரெட் நிரந்தர அம்சமானது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3.2-இல் ஒரு வரி அமைப்பை ட்ரூ என்று வைத்தால் டாம்கேட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஒரு விர்ச்சுவல் த்ரெட் கொடுக்கும். கோடில் எதையும் மாற்ற வேண்டாம். காத்திருக்கும்போது அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் த்ரெட்டை விட்டு இறங்கிவிடுவதால், ஆயிரக்கணக்கில் நின்றாலும் செலவு சொற்பம். வெளி சேவைகளைக் கூப்பிட்டு விடைகளைத் தொகுத்துத் தரும் அப்ளிகேஷன்களுக்கு இது வரப்பிரசாதம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த வரியைப் போட்ட நிமிடத்தில் மேக்ஸ்-த்ரெட்ஸ் என்ற அமைப்பு செத்துவிடுகிறது. அங்கே என்ன எழுதியிருந்தாலும் பொருட்டில்லை; அடுத்த சுவர் 8192 கனெக்‌ஷன்தான். இத்தனை நாள் 200 என்ற எண், யாரும் கேட்காமலே, டேட்டாபேஸுக்கும் வெளி சேவைகளுக்கும் காவலாளியாக நின்றது. காவலாளியை அனுப்பிவிட்டு அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்றால், 790-க்குப் பதில் ஆயிரக்கணக்கான விர்ச்சுவல் த்ரெட் அதே பத்து கனெக்‌ஷனுக்கு நிற்கும். ஒவ்வொன்றும் 30 நொடி நின்று எர்ரரோடு போகும். அதனால் விர்ச்சுவல் த்ரெட் போடுகிறவர்கள் வரம்பை உரிய இடங்களில், அதாவது ஒவ்வொரு வெளி அழைப்பிலும், செமஃபோராக வைத்தாக வேண்டும். ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 7 இதற்கென்றே கன்கரன்சி-லிமிட் என்று ஒரு அனோட்டேஷனைச் சேர்த்திருக்கிறது. தேவை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பள்ளம்: ஜாவா 21-இல் சிங்க்ரனைஸ்டு தொகுதிக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையக்கூடிய கோட்) காத்திருந்தால் விர்ச்சுவல் த்ரெட் இறங்காது, அடியில் இருக்கும் நிஜ த்ரெட்டோடு ஒட்டிக்கொள்ளும். நிஜ த்ரெட் கோர் எண்ணிக்கை அளவுதான் என்பதால், பழைய லைப்ரரி ஒன்று இப்படிச் செய்தால் நான்கே ரிக்வெஸ்ட்டில் மொத்த சர்வரும் உறைந்துபோகலாம். 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24 இதைச் சரிசெய்துவிட்டது. நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பு வேண்டுமென்றால் 25. என் கருத்து: 21-இல் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், 25-க்குப் போய்விட்டு இந்த ஸ்விட்சைப் போடுங்கள். டம்ப் எடுக்கும் பழக்கமும் மாறும். ஜெஸ்டாக்கில் விர்ச்சுவல் த்ரெட் தெரியாது, ஜேசிஎம்டியின் டம்ப்-டு-ஃபைல் கட்டளையை ஓட்ட வேண்டும்.

த்ரெட்டைக் காக்க வைக்காமல், பதில் வரும்போது வேலையைத் தொடரும் ரியாக்டிவ் பாணி பற்றி ஒரு வார்த்தை. வெப்ஃப்ளக்ஸும் நெட்டியும் கோர் எண்ணிக்கை அளவு த்ரெட்டிலேயே ஆயிரக்கணக்கான கனெக்‌ஷனைத் தாங்கும். ஏற்கனவே அதில் எழுதியிருந்தால் அப்படியே இருங்கள். த்ரெட் வரம்புப் பிரச்சினைக்காக ஓடுகிற அப்ளிகேஷனை அதில் மாற்றி எழுதப் போகிறோம் என்று யாராவது சொன்னால், என் ஓட்டு எதிர்த்துத்தான். எங்கோ ஒரு இடத்தில் மறந்துபோய், டேட்டாபேஸின் பதிலுக்காக த்ரெட்டை நிறுத்தி வைக்கும் ஒரு ஜேடிபிசி அழைப்பை வைத்தால் போதும், மொத்தமும் நிற்கும்.

எதை எடுப்பது

த்ரெட் டம்பைப் பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். பெயரில் ‘எக்ஸெக்’ உள்ள த்ரெட்டுகள் எங்கே நிற்கின்றன என்று எண்ணுங்கள். பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருந்தால் சிபியு பிரச்சினை: இறக்குங்கள், அல்லது சர்வரைக் கூட்டுங்கள். ஹிகாரி வாசலில் நின்றால், கனெக்‌ஷனைக் கையில் வைத்திருக்கும் அந்தச் சிலர் என்ன செய்கிறார்கள் என்று தேடுங்கள். அவர்கள் டேட்டாபேஸுக்குள்ளேயே இருந்தால் மெதுவான குவெரி, சாக்கெட்டில் இருந்தால் எங்கள் கதை. கனெக்‌ஷன் இல்லாமல் வெளி சேவைக்காக மட்டும் நின்றால்தான் ஏற்றுவதா, பிரிப்பதா, விர்ச்சுவலா என்ற கேள்வியே வரும். அங்கே நான் முதலில் பிரிப்பேன், அப்புறம்தான் மற்றவை.

ஒரு சின்ன எச்சரிக்கை. டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே அழைப்பை நகர்த்திவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஸ்பிரிங் பூட்டில் ஓபன்-இன்-வியூ இயல்பாகவே ட்ரூ. அது இருக்கும்வரை, டேட்டாபேஸை ஒருமுறை தொட்ட ரிக்வெஸ்ட் முடியும்வரை கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட் ஆகும்போது லாகில் ஒரு எச்சரிக்கை வரும். நாங்கள் இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறோம்.

அன்று சாயங்காலம் ஓபன்-இன்-வியூவை அணைத்தோம், எஸ்எம்எஸ் அழைப்பை டிரான்சாக்‌ஷனை விட்டு வெளியே எடுத்து 5 நொடி டைம்அவுட் வைத்தோம். 800-ஐ மறுபடி 200 ஆக்கினோம். அடுத்த வாரம் எஸ்எம்எஸ்ஸை ஒரு டேபிளில் எழுதி வைத்துப் பின்னால் தனியாக அனுப்பும்படி மாற்றி, ஹிகாரியின் காத்திருப்பை 30 நொடியிலிருந்து 3 ஆக்கி, த்ரெட் வரம்பை 60-க்கு இறக்கினோம். “அறுபதா?” என்று அந்த 800 நண்பர் மட்டும் இன்னும் நம்பாமல், டாஷ்போர்டில் டாம்கேட் பிஸி த்ரெட் வரைபடத்தைத் தனியாக ஒரு பிரவுசர் டேபில் திறந்து வைத்திருக்கிறார். போன தடவை கடைசி நாளில் அது 31 வரை போனது.